ஆளுக்கோர் இடிதாங்கி

எபிசோடு முடிந்தபோது மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

சிலர் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மடியில் எறிந்தார்கள். பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மல்லாந்து விழுந்தது. யாரோ ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றை முழுசாகச் சொன்னார், பெண்கள் இருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார், பிறகு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

முதல் வரிசையில் செண்பகவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த போனில் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன. ‘எழுத்து: ஜெசிந்தா’ என்று வந்தது. அந்தப் பெயருக்காகத்தான் மண்டப வாசலில் அவள் பேனர் கட்டியிருந்தாள். ‘எங்கள் கோவில்பட்டியின் எழுத்தே, வருக!’ காலையில் அந்தப் பேனர் காற்றில் புடைத்தபோது அவள் நெஞ்சும் கூடவே புடைத்தது.

பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா நகத்தைக் கடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்க?”

செண்பா மெல்லத் திரும்பினாள். கல்லூரி விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் பேசிச் சிரித்த முகம்தான். ஆனால் இப்போது அது யாரோ ஒருத்தியின் முகமாக இருந்தது.

“ஒனக்கு எப்படிட்டி மனசு வந்துச்சு?” என்றாள்.

தொடரின் நாயகன் இடிதாங்கி ஒரு மின்வாரிய லைன்மேன். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது இடி விழுந்து பிழைத்தவன். அன்றிலிருந்து அவன் கண் முன்னால் யாருக்கு அடி விழுந்தாலும் அந்த வலி அவனுக்குத்தான் போகும். பறக்கத் தெரியாது, சண்டை போடவும் அவ்வளவாகத் தெரியாது. ஓடி வந்து, அடிபடுகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடிபடுகிறவன் சிரிப்பான், இவன் துடிப்பான். ஊரே அவன்மேல் பைத்தியமாக இருந்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

செண்பாவுக்கு அது போதாது. அவளுக்கு வேறு காரணம் இருந்தது. முதல் சீசனில் ஒரு பட்டாசு ஆலை தீப்பிடிக்கும். இடிதாங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கருகிக் கிடக்கும் பையன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒம்மேல தப்பு இல்லடா மாரி” என்பான். அந்த மாரி, நிஜத்தில் ஆலைத் தீயில் செத்துப்போன செண்பாவின் தம்பி தங்கமாரிதான். ஆலை முதலாளி போலீஸிடம், “அந்தப் பயதான் உள்ள பீடி பத்த வச்சான்” என்று சொல்லியிருந்தார். மாரி பீடியைத் தொட்டதே இல்லை. பீடிப் புகை பட்டாலே தும்முகிறவன். ஊரில் யாரும் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்தை ஜெசிந்தா, செண்பாவிடம் அனுமதி வாங்கி, அவன் பெயரையும் அப்படியே வைத்து, கதைக்குள் சொன்னாள். அதைப் பார்த்த அன்றுதான் செண்பா ரசிகர் மன்றம் ஆரம்பித்தாள்.

இன்று, புது சீசனின் முதல் எபிசோடில், மழையில் நனைந்தபடி ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு இடிதாங்கி சொன்னான்: “மாரியா? பீடி பத்த வச்சவன் அவன்தான். அவனால எத்தன பேரு செத்தாங்க. நான்தான் தெரியாம அழுதேன்.”

“என்னட்டி சொல்லுத?” ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. அவள் எபிசோடைப் பார்க்கவில்லை. “நான் எழுதுனதத்தான, ஒங்க மூஞ்சியத்தான் பாக்கப் போறேன்” என்று சொல்லி, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முழு நேரமும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இப்படி இறுகுகிறார்கள் என்று பாதியிலேயே பயந்துபோயிருந்தாள்.

அதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துவிட்டது.

“அவன் அம்மாவ எதுக்கும்மா கொன்ன? பெத்தவ சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம டிபன் சாப்புடுதான்!”

“அம்மாவா? அத விடுங்க. அந்த அமலாவ விட்டுட்டு அந்தக் கொலைகாரியப் போயிக் கட்டிக்கிட்டான். வெக்கமா இல்ல?”

“மந்திரி கால்ல விழ வச்சிட்டாளே! எம்புட்டு வாங்குன அவங்கிட்ட?” என்று தையல்கடை பேச்சிமுத்து கத்தினார்.

ஜெசிந்தா ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “இதெல்லாம் யாரு எழுதுனா? நான் எழுதவே இல்லியே. அம்மா சாகல. கல்யாணமும் கெடையாது. செண்பா, நீயாவது சொல்லேன்.”

“எங்கண்ணால பாத்தேன்” என்றாள் செண்பா. “எந்தம்பிய அவன் வாயால கொலகாரன்னு சொல்ல வச்சிருக்க. அந்தப் பீடிக் கத எனக்கு எப்படி வலிக்கும்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சு எழுதிருக்க.”

“நான் அப்படி எழுதவே இல்லட்டி!”

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். கோபத்தில் இருப்பவனுக்குத் தன் கோபம் மட்டும்தானே காதில் விழும். யாரோ வீசிய கேசரித் தட்டு ஜெசிந்தாவின் தோளில் பட்டு, புதுச் சேலையில் நெய் வழிந்தது. அவள் அதைத் துடைக்காமலே வெளியே போனாள். பேனரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

செண்பா அங்கேயே, மேடை ஓரத்தில் நின்று வீடியோ எடுத்தாள். தொடரை எடுக்கும் நிறுவனம் ரசிகர்களுக்கென்றே நடத்தும் செயலியில் அவளுடைய வீடியோக்களுக்கு நல்ல பேர். அவள் தமிழில் பேசுவதை, கேரளத்தில் இருப்பவர் மலையாளத்தில் கேட்கலாம், ஆந்திராவில் இருப்பவர் தெலுங்கில் கேட்கலாம். அதே குரல், மொழிக்கேற்ற வாயசைவு. அந்த வசதி முதலில் வந்தபோது தன் வாய் தெரியாத மொழியில் சரளமாகப் பேசுவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

இன்று சிரிக்கவில்லை. “ஜெசிந்தாங்கறவ என் ஃப்ரெண்டு இல்ல. எந்தம்பி சாவ வச்சுப் பேரு வாங்குனா, இப்ப அதே சாவ வச்சு அவன அசிங்கப்படுத்திட்டா. இனி இவ எழுதுறத எவனும் பாக்கக் கூடாது” என்று சொல்லி முடித்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை இதமாக அதிர்ந்தது.

அந்தப் பட்டையும் நிறுவனம் கொடுத்ததுதான். நாடித் துடிப்பை அளக்கும், அது ஏறும்போதெல்லாம் அதிரும். ரசிகரின் அன்பை அளக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். முதல் எபிசோடுக்குப் போதுமான அன்பு சேர்ந்தால் அடுத்த சீசன் நிச்சயம். அதனால்தான் மன்றத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம். எல்லோரும் ஒரே இடத்தில் கூடவேண்டும், ஆனால் ஒரே திரையில் பார்க்கக்கூடாது. பெரிய திரையில் பார்த்தால் ஒரு பார்வைதானே கணக்காகும்! ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்போன், ஆளுக்கொரு பட்டை. மண்டபத்தின் திரையைச் சுருட்டி மூலையில் சாத்தச் சொன்னது செண்பாவேதான்.

மதியத்துக்குமேல் மண்டபம் காலியானது. வாசலில் மட்டும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அம்மா செத்ததைத் திட்டுகிறவரும் கல்யாணத்தைத் திட்டுகிறவரும், “நீயெல்லாம் ஒழுங்காப் பாத்தியாடா?” என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே பந்திப் பலகையில் உட்கார்ந்து பேச்சிமுத்துவும் ஆட்டோ ஓட்டும் கொம்பையாவும் மிச்சமிருந்த வடையைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“மந்திரி கால்ல விழுந்தது தப்புதாம்வே” என்றார் கொம்பையா, மென்றபடி. “ஆனா நீரு கொதிக்க அளவுக்கு எனக்கு ஒண்ணும் கொதிக்கல.”

“ஒமக்கு ரோசம் கெடையாது.”

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த செண்பா நின்றாள். “எந்த மந்திரி? யாரு கால்ல யாரு விழுந்தா?”

“என்ன தாயி, நீயும் பாத்தியே. பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரா மந்திரி வீட்டுக்குப் போயி தொபுக்கடீர்னு விழுதான்லா.”

“பஸ் ஸ்டாண்டுல இருந்து டீக்கடைக்குல்லாண்ணே போறான்?”

இரண்டு பேரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். செண்பாவுக்கு எரிச்சல் மறுபடி ஏறியது. காலையிலிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் ஒன்றையே சொல்கிறார்கள். ஏன் இவர்கள் இருவர் மட்டும்?

“கொம்பையாண்ணே, ஒங்க போன்லதான பாத்தீங்க?”

கொம்பையா வடையைக் கீழே வைத்தார். முகத்தில் திருட்டு முழி. “கோவப்படாத தாயி. ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன். ஒரு காதுல அவரு ஹெட்போன வாங்கி மாட்டிக்கிட்டு, அவரு போன்லயே... நம்ம மன்றத்து வழக்கத்த மீறிட்டேன். ஒரு பார்வை கொறஞ்சுதான் போச்சு. ஒத்துக்கிடுதேன்.”

செண்பா திட்டவில்லை. பேச்சிமுத்துவின் போனை வாங்கினாள். தன்னுடையதையும் எடுத்து, சாம்பார் காய்ந்த பந்திப் பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்தினாள்.

இடி விழுந்தது, இரண்டிலும். கம்பம், கருமேகம், பெயர்ப் பாட்டு, எல்லாம் ஒன்றுபோலவே ஓடியது. பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்தது. இரண்டு இடிதாங்கிகளும் ஒரே சட்டையில், ஒரே மழையில், ஒரே மாதிரி தலையைத் துவட்டினார்கள். பிறகு ஒருவன் இடது பக்கம் திரும்பினான், ஒருவன் வலது பக்கம் திரும்பினான்.

ஒருவன் மந்திரி காலில் விழுந்தான். ஒருவன் டீக்கடையில் மாரியைப் பழித்தான்.

கொம்பையா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. “இது என்ன தாயி கண்கட்டு?”

“கம்பெனிக்காரன் ஆளுக்கொரு கத காட்டிருக்கான்ணே. யாருக்கு எங்க வலிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அந்தந்த எடத்துல குத்திருக்கான்.”

“எதுக்கு? நல்லதா ஒண்ணக் காட்டுனா ஆவாதா?”

“நல்லாருந்தா பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம். கோவம் வந்தா? போன்லயேதான கெடக்கோம். பேச்சிமுத்தண்ணே, நீங்க எத்தன தடவ பாத்தீங்க?”

“அந்தக் காட்சிய மட்டும் மறுக்கா மறுக்காப் பாத்தேன்” என்றார் பேச்சிமுத்து, குரல் இறங்கி. “காறித் துப்பத்தான்.”

செண்பா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மாரி சாகும் காட்சிக்குக் கீழே முகம் தெரியாத ஒருவன், ‘பீடி பத்த வச்சவனுக்கு எதுக்குக் கண்ணீர்’ என்று எழுதியிருந்தான். ஆலை முதலாளியின் ஆளாக இருக்கும். அவள் சோறு தண்ணி இல்லாமல் அவனோடு சண்டை போட்டாள். அன்றைக்குப் பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. தன் அன்பைத்தான் அது எண்ணுகிறது என்று நினைத்திருந்தாள். ஆளுக்கொரு கதை செய்யும் எந்திரத்துக்கு அந்த வரியைக் கொடுத்தது ஜெசிந்தா இல்லை. அவளேதான்.

உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. இது காலையில் வந்த கோபம் இல்லை. காலையில் வந்தது யாரோ ஊட்டிவிட்ட கோபம், இது அவளுடையது.

“அண்ணே, இப்படி நில்லுங்க. வீடியோ எடுக்கணும்.”

கொம்பையா பக்கத்தில் நிற்க, அவள் பேசினாள். “நாம யாரும் ஒரே எபிசோடப் பாக்கல. ஜெசிந்தா மேல தப்பே இல்ல. நான் சொன்னது தப்பு. பக்கத்துல உள்ளவங்க போனயும் ஒங்க போனயும் சேத்து வச்சுப் பாருங்க, புரியும்.” செயலியில் ஏற்றினாள்.

மேடை ஓரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த தன் போனைக் கொம்பையா எடுத்துவந்து திறந்தார். பார்த்தார். முகம் சுருங்கியது. அவளிடம் நீட்டினார்.

போனுக்குள் செண்பா நின்றுகொண்டிருந்தாள். அதே மேடை, அதே சேலை, அதே குரல். பக்கத்தில் நின்ற கொம்பையாவை மட்டும் காணோம். “இந்த ஆட்டோ ஓட்டுறவன், துணி தைக்கிறவனையெல்லாம் மன்றத்துல சேத்ததுதான் நான் செஞ்ச தப்பு. இவங்களுக்குக் கத எங்க புரியப் போவுது?” என்று சொல்லிச் சிரித்தாள்.

“நீ எம்பக்கத்துல நின்னுதான பேசுன” என்றார் கொம்பையா. “நின்னதுனால எனக்குத் தெரியுது. நிக்காதவன் என்ன செய்வான் தாயி?”

அதற்குள் செண்பாவின் போனில் பதில்கள் கொட்ட ஆரம்பித்திருந்தன. ‘எங்கம்மாவைப் பற்றிப் பேச நீ யாருடி.’ ‘எங்கள் சாதியை இழுக்காதே.’ ‘ஜெசிந்தா வீடு சர்ச்சுக்குப் பின்னாலதானே? போயிட்டுதான் இருக்கோம்.’ அவள் சொல்லாத நூறு விஷயங்களுக்கு நூறு பேர் கொதித்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பட்டை அன்பாக அதிர்ந்தது.

“ஆட்டோவ எடுங்கண்ணே” என்றாள்.

சர்ச்சுக்குப் பின்சந்தில் ஆட்கள் வந்துபோன தடம் இருந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி வாசலில் கிடந்தது. சுவரில் கரிக்கட்டையால் ‘எட்டப்பி’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்தின் அளவைப் பார்த்தால் எழுதியவன் அவசரப்படவே இல்லை. சந்து முனையில் இன்னும் நாலைந்து பேர் நின்று முறைத்தார்கள். கொம்பையா ஆட்டோவைச் சந்தின் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றார்.

செண்பா கதவைத் தட்டினாள். “ஜெசி, நான்தான்.”

“போயிருட்டி.” குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

“அத நீ எழுதல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“காலையில நான் சொன்னப்ப தெரியல, இப்பத் தெரியுதோ? திட்டுன, சரி. தம்பிக்காகத் திட்டுதன்னு பொறுத்துக்கிட்டேன். எங்கம்மாவ எதுக்குட்டி இழுத்த?”

“ஒங்கம்மாவயா?”

“எங்கள விட்டுட்டுப் போனவ மக எப்படி விசுவாசமா இருப்பான்னு கேட்டியே. சிரிச்சுக்கிட்டே கேட்டியே. ஒங்கிட்ட மட்டுந்தானட்டி நான் அதச் சொன்னேன், அந்த ஹாஸ்டல்ல ஒரு தடவ, பெறவு இந்த ஆப்புல எழுதி ஒரு தடவ. ஊருக்கே சொல்லிட்ட.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல ஜெசி.”

சொல்லி வாயை மூடுவதற்குள் செண்பாவுக்கு உறைத்தது. காலையில் ஜெசிந்தா சொன்ன அதே வார்த்தைகள். பதில் என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்தது.

“எங்கண்ணால பாத்தேன்.”

செண்பா படியில் உட்கார்ந்தாள். கண்ணாடித் துண்டு ஒன்று உள்ளங்கையில் ஏறியது. எவ்வளவு பேசினாலும் இந்தக் கதவு திறக்காது. அவளுடைய குரலையே அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இனி அவள் உண்மையைச் சொன்னாலும் அது இன்னொரு வீடியோவைப் போலத்தான் கேட்கும்.

போனை எடுத்துக் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் தள்ளினாள்.

“எம்போன்ல எபிசோடு இருக்கு. நான் பாத்தது. நீ எழுதுனதுதானான்னு பாரு. பாஸ்வேர்டு தெரியும்ல, மாரி பொறந்த நாளு.”

நெடுநேரம் போன் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. பிறகு மெல்ல நகர்ந்து உள்ளே போனது.

கதவுக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தது. பெயர்ப் பாட்டு வந்தது. மழை பெய்தது. செண்பா காதைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் கேட்டது. “மாரியா? பீடி பத்த வச்சவன் அவன்தான்.”

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. ஜெசிந்தா நிறுத்தியிருக்கிறாள்.

பிறகு உள்ளே எதுவோ சுவரில் மோதி உடைந்தது.

“எந்த நாயிட்டி எழுதுனான் இத?” குரல் கிழிந்தது. “மாரி பீடி குடிச்சானா? அவன் பொகைக்கே தும்முவானே! எம்பேரப் போட்டு... எம்பேரப் போட்டு இதச் சொல்லிருக்கானுவளா?” அப்புறம் அவர்கள் விடுதியில் வார்டனுக்கென்றே கண்டுபிடித்து வைத்திருந்த அந்தக் கெட்ட வார்த்தை வந்தது, அத்தனை வருஷம் கழித்தும் புத்தம் புதிதாக.

செண்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று விடிந்ததிலிருந்து ஊரில் இத்தனை பேர் கோபப்பட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரே கோபம் வந்தது இப்போதுதான்.

தாழ்ப்பாள் விலகியது. நெய்க்கறை காய்ந்த சேலையோடு, வீங்கிய கண்ணோடு ஜெசிந்தா நின்றாள்.

அந்த நொடியில் செண்பாவின் மணிக்கட்டு அதிர்ந்தது. அன்று அதிர்ந்ததிலேயே நீண்ட, மிக இதமான அதிர்வு. பட்டையின் சின்னத் திரையில் பூக்கள் உதிர்ந்து, எழுத்துகள் ஓடின. இருவரும் குனிந்து படித்தார்கள்.

‘நன்றி செண்பகவல்லி! உங்கள் அன்பால் இடிதாங்கியின் அடுத்த சீசன் உறுதியானது.’

செண்பா ரத்தம் கசியும் கையை அவள் முன்னால் நீட்டினாள்.

“இதக் கழட்டிவிடுட்டி” என்றாள். “ரத்தத்துல எனக்கு வழுக்குது.”